வாக்குப் பொறியின் உயிரும் ஒழுங்கும்



கேரள மாநிலத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்த ஊர் காரோடு. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் அண்மையிலுள்ளது. திருவனந்தபுரம் நகரை விலக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை என்னும் பெயர் ஏற்பட்ட பின்னர், இவ்வூரை ஒருபோதும் காணாத வண்டியோட்டிகளுக்கும் இதன் பெயர் பழக்கமாகிவிட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே, ஒரே பேச்சும் ஒரே உறவும் உடைய மக்கள் எல்லையின் இரு மருங்கிலும் வாழ்கின்றனர்.

எல்லைக்கு இப்பாலுள்ள வீடுகளில் எரியும் விளக்குக்கு மின்சாரம் தருவது கேரள மின்வாரியம்; அப்பாலுள்ள வீடுகளுக்குத் தருவது தமிழ்நாட்டு மின் நிறுவனம். இப்பக்கம் மின்சாரம் நின்றிருக்கும் வேளையில் அப்பக்கம் விளக்கு எரிவதுண்டு. அப்பக்கம் இருளில் கிடக்கும்போது இப்பக்கம் மின்விசிறி சுழல்வதுண்டு. ஆயினும், தேர்தல் நாளன்று இரு பக்கத்து வாக்குச்சாவடிகளிலும் ஒரே வகையான பொறிதான் மேசைமேல் வீற்றிருக்கிறது. அப்பொறி இவ்விரு மின்கம்பிகளில் எதனையும் நம்பி நிற்பதில்லை. தன் உயிரைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. அந்த உயிர் எத்தகையது, அப்பொறி எவருடைய கட்டளைக்கு எப்பொழுது செவிசாய்க்கிறது, எப்பொழுது செவிடாகிவிடுகிறது என்பனவற்றையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

கணினி என்றதும் திரையும் விசைப்பலகையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால், உலகிலுள்ள கணினிகளில் மிகப் பலவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. துணி துவைக்கும் பொறியிலும், மின்தூக்கியிலும், வீட்டு வாயிலிலுள்ள மின்னளவியிலும் சிறு கணினிகள் மறைந்திருந்து பணிபுரிகின்றன. ஏதேனும் ஒரு குறிப்பிட்ட தொழிலை மட்டும் செய்வதற்காக வேறொரு கருவிக்குள் பொதிந்து வைக்கப்பட்ட இவற்றை உட்பொதி கணினிகள் என்பர். பொதுக் கணினிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கடைவீதியில் எல்லாப் பொருளும் விற்பவனுக்கும் உப்பு மட்டுமே விற்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது. உப்பு விற்பவனிடம் வேறெதையும் கேட்டுப் பயனில்லை. ஆயினும் உப்பில் அவன் பிழைபடமாட்டான்.

இத்தகைய சிறு கணினிக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று மின்னாற்றல், மற்றொன்று குறிப்பு. எப்பொழுது விழிப்பது, எப்பொழுது உறங்குவது, எப்பொழுது தொடங்கிய இடத்துக்கே மீள்வது, ஆற்றல் குறையும்போது எவ்வாறு எச்சரிப்பது என்பனவற்றை உணர்த்தும் மின்குறிப்புகளைக் கட்டுப்பாட்டுக் குறிப்புகள் என்கிறோம். தொழிற்சாலைகளில் இன்று பயன்படும் உள்ளங்கையளவான கணினிப் பலகைகளிலும் இக்குறிப்புகளுக்கென்றே தனிக் கம்பிகளை ஒதுக்கியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்று 'மின்னழுத்தம் செவ்வையாக இருக்கிறது' என்று அறிவிப்பது. பாட்டரியை இணைத்த அக்கணமே கணினி கணக்குப் போடத் தொடங்கினால் பிழை நேரும். ஏனெனில், மின்னழுத்தம் உரிய அளவை எட்டி நிலைபெறச் சிறிது நேரம் வேண்டும். அதுவரையில் கணினியை அசையாமல் பிடித்து வைத்திருந்து, அழுத்தம் நிலைபெற்ற பின்னரே விடுவிப்பது மீட்டமைப்புக் குறிப்பு. தூக்கத்திலிருந்து எழுந்தவன், கண்ணைத் துடைத்துத் தெளிவு பெறாமல் படியிறங்கத் தொடங்கினால் என்னவாகும்? அந்நிலையைத் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு.

இந்தப் பொது விதிகளை நம் நாட்டுப் பொதுமக்கள் அனைவரும் கையால் தொட்டுணரும் இடம் ஒன்று உண்டு. அதுவே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். சுருக்கம் கருதி அதனை வாக்குப் பொறி என்று அழைப்போம்.

அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தேர்தல் ஆணையத்தில் இவ்வெண்ணம் 1977ஆம் ஆண்டில் தோன்றியது. ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979இல் முதல் மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளின் சார்பாளர்களுக்கு அது இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர்ப் பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தது. அந்நிறுவனத்தில் பொறியாளராக இருந்து இப்பொறியின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு கொண்டவர் எஸ். ரங்கராஜன். தமிழ் வாசகர்கள் அவரைச் சுஜாதா என்னும் புனைபெயரால் நன்கறிவர். பிழைப்பின் பொருட்டு வேறு மாநிலத்தில் வாழ்ந்த ஒரு தமிழரின் கைத்திறன் இந்திய நாட்டின் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் இடம்பெற்றிருப்பது, அதேபோன்று வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தியன்றோ?

பொறி முதன்முதலில் தேர்தலில் அமர்ந்ததும் கேரளத்தில்தான். 1982ஆம் ஆண்டு மே மாதம் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் மொத்தம் 84 வாக்குச்சாவடிகளில் 50 சாவடிகள் வாக்குப் பொறியால் நடைபெற்றன. சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வெற்றியடைந்தார். எதிர்த்து நின்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984இல் உச்சநீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடத்துமாறு தீர்ப்பளித்தது. பொறி கெட்டது என்பது தீர்ப்பின் காரணமன்று. அன்றிருந்த சட்டம் காகிதச் சீட்டால் வாக்களிப்பதையே கூறியதால், சட்டத்தில் இடமில்லாத முறையை ஆணையம் தானாகப் புகுத்த இயலாது என்பதே காரணம். அதன் பின்னர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, 1989இல் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2001 மே மாதத்தில் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல்கள் முழுமையும் பொறிகளாலேயே நடைபெற்றன. காரோட்டு மக்களும் எல்லைக்கு அப்பாலுள்ள அவர்தம் உறவினரும் ஒரே தேர்தற் பருவத்தில் இப்பொறிக்குப் பழகினர். 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் நாடு முழுவதும் பொறிகளால் நடந்தது.

இனி, பொறியின் உறுப்புகளைக் காண்போம். வாக்குச்சாவடி அலுவலரின் மேசைமேல் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. மறைப்புக்குள் வாக்காளர் காண்பது வாக்களிப்புக் கருவி. இவற்றை இணைப்பது ஐந்து மீட்டர் நீளமுள்ள கம்பிவடம். இவற்றோடு பிற்காலத்தில் சேர்ந்தது காகிதச் சீட்டுக் கருவி. மக்கள் வழக்கில் விவிபேட் எனப்படுவது.

கட்டுப்பாட்டுக் கருவிக்கு உயிர் தருவது 7.5 வோல்ட் அழுத்தமுள்ள ஒரு பாட்டரி. கைவிளக்கில் இடும் சாதாரண மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட், அதுபோன்ற ஐந்தின் அழுத்தத்துக்கு இது சமம். வாக்களிப்புக் கருவிக்குத் தனியான பாட்டரி கிடையாது; அதற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரம் கம்பிவடத்தின் வழியாகவே செல்கிறது. மலையுச்சியிலுள்ள சிற்றூரிலும், கடலோரக் குப்பத்திலும், மின்கம்பியே எட்டாத காட்டுப்புறத்திலும் ஒரே வகைப் பொறி இயங்கவேண்டும் என்பதற்காகவே இம்முறை கைக்கொள்ளப்பட்டது. கோடை மழையில் இடி விழுந்து ஊரெங்கும் மின்சாரம் நின்றாலும் வாக்குப்பதிவு நிற்பதில்லை. பொத்தானை அழுத்தும் வாக்காளருக்கு மின்னதிர்ச்சி ஏற்படும் என்னும் அச்சத்துக்கும் இடமில்லை.

ஒரு நாள் முழுவதும், ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் வாக்களித்த பின்னரும், இச்சிறு பாட்டரி தளராமல் நிற்பது எவ்வாறு? நம் கையிலுள்ள செல்பேசியோ நாள்தோறும் மின்னேற்றம் கேட்கிறதே என்று நேயர்கள் வினவலாம். செல்பேசி இடைவிடாமல் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஒளிமிக்க திரையை ஏந்தி நிற்கிறது. ஒரே வேளையில் பத்துப் பணிகளைப் புரிகிறது. வாக்குப் பொறியோ எவரோடும் வானொலி அலையால் பேசுவதில்லை. அதற்குள்ள பணி மிகச் சில: ஒரு பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்ப்பது, அதனை நினைவில் எழுதுவது, ஒரு சிறு விளக்கை ஏற்றுவது, ஓர் ஒலியை எழுப்புவது. வரவு சிறிதாயினும் செலவு அதனினும் சிறிதாயிருந்தால் குடும்பம் செம்மையாக நடைபெறும் என்று நம் முன்னோர் கூறிவந்த அறிவுரை பொறிக்கும் பொருந்துகிறது.

நினைவகத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எழுதப்பட்ட வாக்குகளைக் காத்து வைப்பதற்குப் பாட்டரி தேவையில்லை. பாட்டரியைக் கழற்றிவிட்டாலும் பதிவு அழிவதில்லை. கல்லில் எழுத்தைச் செதுக்கும்போதுதான் உளியும் உழைப்பும் வேண்டும். செதுக்கிய எழுத்து நிற்பதற்கு எவருடைய உழைப்பும் வேண்டியதில்லை. இதனால்தான், வாக்குப்பதிவின் நடுவே பாட்டரி தளர்ந்துவிட்டால், முகவர்களின் முன்னிலையில் அதனை மட்டும் மாற்றி, அவ்வறையை மீண்டும் முத்திரையிட்டு, அதே பொறியில் வாக்குப்பதிவைத் தொடர முடிகிறது. முன்னர்ப் பதிவான வாக்குகளில் ஒன்றும் குறைவதில்லை.

பொறியை விழிக்கச் செய்வதிலும் ஓர் ஒழுங்குண்டு. முதலில் உறுப்புகளைக் கம்பிவடத்தால் இணைக்கவேண்டும். அதன் பின்னரே கட்டுப்பாட்டுக் கருவியின் மின்விசையைப் போடவேண்டும். கழற்றும்போது முதலில் விசையை நிறுத்திப் பின்னர் வடத்தைக் கழற்றவேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வடத்தை இழுப்பது கூடாது. விசை போட்டதும் பொறி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. வடம் சரியாகப் பொருந்தாவிடில் இணைப்புப் பிழை என்று அறிவிக்கிறது. வாக்களிப்புக் கருவியில் ஏதேனும் ஒரு பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தால் அதனையும் அறிவிக்கிறது. உடம்பில் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவனைவிட, 'இன்று எனக்கு இயலாது' என்று வாயிலிலேயே கூறுபவன் மேலானவன். பொறியிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்நேர்மையே.

இனி, குறிப்புகளின் வரிசையைக் கவனிப்போம். வாக்காளர் ஒருவர் வந்து, பெயர் சரிபார்க்கப்பட்டு, விரலில் மையிடப்பட்டு, மறைப்பை நோக்கிச் செல்கிறார். அப்போது அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் வாக்குச்சீட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார். உடனே கட்டுப்பாட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது; பொறி பணியிலிருக்கிறது என்பது அதன் பொருள். அதே கணத்தில் வாக்களிப்புக் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. வாக்களிக்கலாம் என்பது அதன் பொருள். வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரேயுள்ள நீலப் பொத்தானை அழுத்துகிறார். அப்பெயருக்கு அருகே சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. நீண்ட ஒலியொன்று எழுகிறது. வாக்கு பதிவாயிற்று. அலுவலரின் பக்கத்துச் சிவப்பு விளக்கு அணைகிறது.

அந்நொடியிலிருந்து பொறி செவிடாகிவிடுகிறது. அவ்வாக்காளர் மீண்டும் நூறு முறை பொத்தானை அழுத்தினாலும், வேறு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாலும், ஒன்றும் பதிவாவதில்லை. அடுத்த வாக்காளருக்காக அலுவலர் மீண்டும் விடை கொடுக்கும் வரையில் அது வாய் திறவாது. இங்குத்தான் இப்பொறியின் அறிவு விளங்குகிறது. அலுவலருக்கு வாயிலைத் திறக்கும் உரிமையுண்டு. ஆனால் யாருக்கு வாக்கு என்று சொல்லும் உரிமையில்லை. வாக்காளருக்கு யாருக்கு என்று சொல்லும் உரிமையுண்டு. ஆனால் வாயிலைத் தாமே திறந்துகொள்ளும் உரிமையில்லை. இருவருடைய இசைவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலன்றி ஒரு வாக்குப் பிறப்பதில்லை. எழும் ஒலியோ மூன்றாவது சாட்சி. அறையில் அமர்ந்திருக்கும் எல்லாக் கட்சி முகவர்களும் அதனைக் கேட்கின்றனர்.

வாக்குப்பதிவு முடிந்ததும் அலுவலர் முடிவுப் பொத்தானை அழுத்துகிறார். அதன் பின்னர் எவ்வளவு முயன்றாலும் ஒரு வாக்கும் சேர்வதில்லை. முடிவுப் பொத்தானை அழுத்தாமலே எவரேனும் எண்ணிக்கைப் பொத்தானை அழுத்தினால், 'செல்லாது' என்னும் சொல்லே காட்சிப் பலகையில் தோன்றும். முறை தவறிய கட்டளைக்குக் கீழ்ப்படியாமையும் ஒரு நற்பண்பென்று இப்பொறி நமக்குப் போதிக்கிறது.

காலையில் வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்களின் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் இட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தவேண்டும். பின்னர் அவ்வாக்குகளை அழித்து, பொறியில் ஒன்றுமில்லை என்று காட்டி, முத்திரையிடவேண்டும். வேற்றூருக்குச் சென்ற நம்மவர்களுள் தேர்தல் நாளில் சொந்த ஊர் வந்து முகவராக அமர்வோர் சிலர் உண்டு. அவர்கள் அதிகாலையில் நடைபெறும் இந்நிகழ்ச்சியைத் தவறவிடலாகாது. நாள் முழுவதும் அமர்ந்திருப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் விழிப்போடிருப்பது மேலாகும்.

காகிதச் சீட்டுக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 2013 செப்டம்பரில் நாகாலாந்து மாநிலத்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் இது முதன்முதலில் பயன்பட்டது. 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் இடம்பெற்றது. வாக்காளர் தேர்ந்த வேட்பாளரின் எண்ணும் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு ஏழு வினாடிகள் கண்ணாடிக்குப் பின்னே தெரிந்து, பின்னர் அறுபட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. அச்சிடவும், தாளை நகர்த்தவும், அறுக்கவும், உள்விளக்கை எரிக்கவும் வலிமை மிகுதியாக வேண்டுமன்றோ? ஆகையால் இதற்கு 22.5 வோல்ட் அழுத்தமுள்ள தனிப் பாட்டரி உண்டு. கட்டுப்பாட்டுக் கருவியின் பாட்டரியைப் போல் இது மும்மடங்கு அழுத்தமுடையது. எழுதும் தலைமைக் கணக்கனுக்குச் சிற்றுண்டியும், மூட்டை சுமப்பவனுக்குப் பெருஞ்சோறும் படைப்பது போன்ற பங்கீடு இது. வலிமை மிகுந்த உறுப்பின் பசி, நினைவைக் காக்கும் உறுப்பைப் பாதிக்காமலிருக்க இரண்டையும் பிரித்து வைத்ததே சிறப்பு.

இங்கும் குறிப்புகளின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. சீட்டு அறுபடாமல் தாளிலேயே தொங்கினால், அதற்குரிய வாக்கு கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவாவதில்லை. ஆகவே, தொங்கும் சீட்டைத் தட்டி உள்ளே விழச்செய்ய எவரும் முயலக்கூடாது என்பது அலுவலர்களுக்கு இடப்பட்டுள்ள விதி. ஓர் உறுப்பு 'என் பணி முடிந்தது' என்று அறிவித்த பின்னரே அடுத்த உறுப்பு தன் பணியை முடிக்கும். ஓட்டப் பந்தயத்தில் கைக்கோலை வாங்காமல் அடுத்தவன் ஓடத் தொடங்குவதில்லை என்பது போன்றதே இது.

இவ்வளவு ஒழுங்கோடு அமைந்த பொறியின் ஒரு சிறு குறிப்பு பெரும் ஐயத்துக்குக் காரணமான நிகழ்ச்சியொன்று 2024ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஹரியானாச் சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டன. சில பொறிகளின் காட்சிப் பலகையில் பாட்டரி 99 விழுக்காடு என்று காணப்பட்டது. வேறு சிலவற்றில் அதனினும் குறைந்த எண்கள் காணப்பட்டன. ஒரு நாள் முழுவதும் உழைத்த பொறியின் பாட்டரி 99 விழுக்காடு எவ்வாறு இருக்கமுடியும் என்று சில வேட்பாளர்கள் முறையிட்டனர். செல்பேசியோடு பழகிய மனத்துக்கு இவ்வினா எழுவது இயல்பே.

தேர்தல் ஆணையம் தந்த விளக்கம் பின்வருமாறு. புதிய பாட்டரியின் அழுத்தம் 8 வோல்ட்டுக்கும் சற்று மேலாகவே இருக்கும். அழுத்தம் 7.4 வோல்ட்டுக்குக் குறையாத வரையில் பலகை 99 விழுக்காடு என்றே காட்டும். 7.4க்குக் கீழே இறங்கிய பின்னர்தான் 98 முதல் படிப்படியாகக் குறைந்த எண்களைக் காட்டும். 5.8 வோல்ட்டை நெருங்கி, 10 விழுக்காடு என்னும் நிலை வரும்போது, பாட்டரியை மாற்றுக என்னும் எச்சரிக்கை தோன்றும்.

இதன் பொருளை நாம் எளிதில் உணரலாம். பாட்டரியினுள் எவ்வளவு ஆற்றல் எஞ்சியிருக்கிறது என்பதை நேராக அளந்து பார்ப்பதற்குச் சிறு பொறியில் வழியில்லை. அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து ஆற்றலை ஊகிப்பதே வழக்கம். குளத்தின் ஆழத்தை இறங்கிப் பார்க்காமல், கரையிலுள்ள படிகளில் எத்தனை தெரிகின்றன என்று எண்ணிச் சொல்வதற்கு ஒப்பானது இது. முதற்படி வெளியே தெரியாதவரை, குளம் நிறைந்திருக்கிறது என்றே கரையிலிருப்பவன் கூறுவான். ஆகவே, 99 என்பது ஓர் எண்ணன்று. 'இன்னும் முதற்படி தெரியவில்லை' என்னும் அறிவிப்பு. மேலும், தொடக்கத்தில் எல்லாப் பாட்டரியும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. மாதிரி வாக்குப்பதிவில் இட்ட வாக்குகளும், பின்னர்ப் பதிவான வாக்குகளும் சாவடிக்குச் சாவடி வேறுபடும். ஆதலால் ஒரே கூடத்தில் வைத்த பொறிகளும் வெவ்வேறு எண்களைக் காட்டுதல் இயல்பு. ஆணையம் அம்முறையீட்டை ஏற்கவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கேட்டவர்களை இகழ்வது பாடமாகாது. குடியாட்சியில் ஐயம் எழுப்புவது குடிமக்களின் உரிமை, சிலசமயம் கடமையுமாகும். ஆனால், ஒரு குறிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தேர்தலுக்கு முன்பே எல்லார்க்கும் எளிய மொழியில் விளக்கப்பட்டிருந்தால், தேர்தலுக்குப் பின் அந்த ஐயம் பிறந்திராது. பொறியின் உள்ளே குறிப்பு செம்மையாக இருந்தால் மட்டும் போதாது. வெளியே நிற்கும் மனிதன் அதனைச் செம்மையாகப் படிக்கவும் இயலவேண்டும். படிக்க இயலாத குறிப்பு, பிழையான குறிப்புக்கு நிகரான தீங்கைச் செய்துவிடுகிறது.

வாக்குப் பொறியின் நம்பகத்தைப் பற்றிய வழக்குகளும் உச்சநீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. 2024 ஏப்ரல் 26ஆம் நாள் அளித்த தீர்ப்பில், மீண்டும் காகிதச் சீட்டு முறைக்குத் திரும்பவேண்டும் என்னும் கோரிக்கையையும், எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்னும் கோரிக்கையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் எழுத்து மூலம் கேட்டுக் கட்டணமும் செலுத்தினால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காட்டுப் பொறிகளின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதித்துக் காட்டவேண்டும் என்றும் விதித்தது. நம்பிக்கையும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தங்கத்தை உரைத்துப் பார்ப்பது தங்கத்துக்கு இழுக்காகாது.

இறுதியாக, வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு மிக நெருங்கிய செய்தியொன்று உண்டு. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் உழைக்கும் நம்மவர்களுள் பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. தேர்தல் நாளுக்காக இரண்டு நாள் ஊதியத்தை இழந்து, நெரிசல் மிக்க இரயிலில் ஊர் செல்ல எல்லாராலும் இயல்வதில்லை. 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாக்களித்தோர் 67.4 விழுக்காட்டினர், வாக்களிக்காதோர் தொகை ஏறத்தாழ 30 கோடி. இந்நிலையை மனத்திற்கொண்டு, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தாம் வாழும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் தொலைவாக்குப் பொறியின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகள் வரை கையாளக்கூடியது அது. 2023 ஜனவரியில் அதனை இயக்கிக் காட்டக் கட்சிகளை அழைத்தனர். கட்சிகள் பலவும் தயக்கம் தெரிவித்தன. இன்றுவரை அப்பொறி எத்தேர்தலிலும் பயன்படுத்தப்படவில்லை.

அத்தயக்கத்தின் காரணங்களுள் சில சட்டத்தையும் நிருவாகத்தையும் சார்ந்தவை. எவர் இடம்பெயர்ந்தவர் என்று வரையறுப்பது எங்ஙனம், அவ்வளவு தொலைவிலுள்ள சாவடியில் ஒவ்வொரு வேட்பாளரும் முகவரை அமர்த்துவது எங்ஙனம் என்பன போன்ற வினாக்கள் அவை. ஆனால், இதுகாறும் நாம் கண்ட செய்திகளின் ஒளியில் வேறொன்றும் விளங்குகிறது. பழைய பொறியில் வேட்பாளர் பெயர்கள் தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டவை. அத்தாளுக்கு மின்சாரமும் வேண்டா, கட்டளையும் வேண்டா. புதிய பொறியிலோ வாக்காளரின் தொகுதிக்கேற்பப் பெயர்கள் மின்திரையில் மாறித் தோன்றவேண்டும். எந்தத் தொகுதி என்னும் குறிப்பை, தொகுதி அட்டையைப் படித்து அலுவலர் செலுத்தவேண்டும். அவ்வாறாயின், திரைக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும்; குறிப்புகளின் தொகை பெருகும்; எது எதற்குப் பின் வருவது என்னும் வரிசையும் சிக்கலாகும். உப்பு மட்டும் விற்றவன் பலசரக்குக் கடை வைக்கப் புகுவதை ஒத்தது இது. கூடாதென்று நாம் கூறவில்லை. ஆனால், ஒவ்வொரு புதிய குறிப்பையும் அலுவலர், முகவர், வாக்காளர் ஆகிய மூவரும் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் உறுதி செய்துகொள்ளும் எளிமை அதிலும் நிலைத்திருக்கவேண்டும். அந்த எளிமை அமையும் நாளில்தான் ஊர் விட்டு வந்த உழைப்பாளியின் வாக்கு ஐயத்துக்கிடமின்றி ஊர் சென்று சேரும்.

நேயர்களே! வாக்குப் பொறி அறிவு மிகுந்த பொறியன்று. அடக்கம் மிகுந்த பொறி. சிறிதே உண்கிறது, விடை கிடைத்தால் மட்டும் கேட்கிறது, கேட்டதைப் பதித்தவுடன் வாய்மூடிக்கொள்கிறது, தன் தளர்ச்சியைத் தானே அறிவிக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்களிக்கச் செல்லும்போது பச்சை விளக்கைப் பாருங்கள். சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஏழு வினாடியும் சீட்டைப் படியுங்கள். நீண்ட ஒலி முடியும்வரை நின்று கேளுங்கள். ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். குறிப்புகளைப் படிக்கத் தெரிந்த வாக்காளர் ஒவ்வொருவரும் குடியாட்சிக்கு ஒரு காவலராவர்.